மருந்தும் ஓர் அமானிதமே

நம் வீடுகளில் பூட்டி வைக்கும் பொருள்களுக்கென்று ஒரு வரிசை உண்டு. நகைகள், நிலப் பத்திரங்கள், பாஸ்போர்ட்டுகள், பிறர் நம்பி ஒப்படைத்துச் சென்ற பணம் ஆகியவை பீரோவுக்குள் போகும். மருந்து மட்டும் அந்த வரிசையில் சேர்வதில்லை. அது பழைய பிஸ்கட் டப்பாவிலோ, பிரிட்ஜின் தலைமேலோ, தொலைக்காட்சிப் பெட்டியின் அருகிலோ கிடக்கும். பக்கத்து வீட்டுப் பெண்மணி தலைவலி என்று வந்து நின்றால், "எனக்கு இது நன்றாகக் கேட்டது, நீயும் ஒன்று போட்டுப் பார்" என்று எடுத்துக் கொடுப்பது நம்மிடையே பரிவின் அடையாளம். நோன்புக் கஞ்சியைப் பகிர்ந்துகொள்ளும் பண்பு மாத்திரை வரைக்கும் நீண்டுவிட்டது எனலாம்.

பண்பு நல்லதே. எனினும், ஒருவர் கையில் மருந்தாகவும் மற்றவர் கையில் குற்றமாகவும் மாறிவிடுகிற மாத்திரைகள் சில உள்ளன. கவனக்குறைவுக் கோளாறுக்காக மருத்துவர் எழுதித் தரும் ஊக்க மருந்துகள் அத்தகையவை. அவற்றைப் பற்றி நம் குடும்பங்களில் வெளிப்படையாகப் பேச வேண்டிய காலம் வந்துவிட்டது என்று கருதுகிறோம். இதை எழுதத் தூண்டியது நூலறிவு மட்டுமன்று. நம் வீட்டுப் பீரோவில் ஒன்பது ஆண்டுகளாக அம்மருந்து இருந்து வருகிறது.

தஞ்சைத் தரணியை விட்டு நாம் காட்டாங்குளத்தூருக்குக் குடிவந்து ஆண்டுகள் பல ஆயின. தாம்பரத்திலிருந்து செங்கற்பட்டு செல்லும் மின்சார ரயிலில் ஏறினால் வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி ஆகிய நிலையங்களைக் கடந்ததும் நம் ஊர் வரும். வண்டலூரில் 1984-ல் கிரசென்ட் பொறியியற் கல்லூரியும், காட்டாங்குளத்தூரில் 1985-ல் எஸ்.ஆர்.எம். பொறியியற் கல்லூரியும் தோன்றிய பின், ஏரிகளும் வயல்களுமாயிருந்த இந்த ஜி.எஸ்.டி. சாலை ஓரம் மாணவர் நாடாகவே மாறிவிட்டது. விடுதிகளும், வாடகை அறைகளும், நள்ளிரவிலும் அணையாத தேநீர்க் கடை அடுப்புகளும் இன்று இப்பகுதியின் அடையாளம். தேர்வுக் காலம் வந்தால் ஊரே தூங்காது. இப்படிப்பட்ட ஊரில் 'படிக்க வைக்கும் மாத்திரை' என்ற சொல் எவ்வளவு விரைவாகக் காதுக்குக் காது பரவும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

நம் மகளின் மகன் நம்மோடுதான் வளர்ந்தான். அவன் தந்தை வளைகுடாவில் பணிபுரிகிறார். பிள்ளைக்குப் பத்து வயதாகும்வரை அவனைப் பற்றி வந்த புகார்களை எழுதினால் ஒரு நோட்டுப் புத்தகம் நிறையும். பள்ளியில் பாதிப் பாடத்தில் எழுந்து நடப்பான். ஓதும் பள்ளியில் ஸூராவின் நடுவே ஜன்னலுக்கு வெளியே போய்விடுவான். செருப்பு, தண்ணீர்க் குடுவை, தொப்பி என வாரம் ஒன்றைத் தொலைப்பான். ஆனால் பிடித்த விஷயம் ஒன்றைப் பற்றிக் கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவான். அவன் நன்னி கண்ணேறு என்று தண்ணீர் ஓதி வாங்கி வந்தார்கள். உறவினர் ஒருவர் "செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டீர்கள்" என்றார். இன்னொருவர் பிரம்பைச் சிபாரிசு செய்தார். நம் மகள் ஒருத்திதான், "அத்தா, இவன் அடங்க மாட்டேன் என்கிறவன் இல்லை, அடங்க முடியாமல் தவிக்கிறவன்" என்றாள். பிள்ளையை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வைத்தது அந்த ஒரு வாக்கியம்.

கவனக்குறைவு மிகை இயக்கக் கோளாறு என்பது அதன் பெயர், மருத்துவர்கள் ஏ.டி.எச்.டி. என்று சுருக்கிச் சொல்வர். நூறு சிறாரில் ஏறத்தாழ ஐவருக்கு இது இருக்கலாம் என்பது உலக அளவில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. இது நவீன நாகரிகம் கொண்டுவந்த நோய் என்று எண்ணுவது சரியன்று. 1798-லேயே அலெக்சாண்டர் கிரைட்டன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் கவனம் நிலைகொள்ளாத நிலையைப் பற்றி எழுதினார். 1902-ல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் இத்தகைய பிள்ளைகளைப் பற்றிச் சொற்பொழிவுகள் ஆற்றினார். வளர்ப்பின் குறையன்று இது என்பது இன்று ஐயமற நிறுவப்பட்ட உண்மை. பரம்பரையின் பங்கு இதில் பெரிது.

மருந்து வந்த வரலாறு சுவையானது. அமெரிக்காவில் சார்லஸ் பிராட்லி என்ற மருத்துவர் தம் மருத்துவ இல்லத்துச் சிறுவர்களின் தலைவலியைப் போக்க எண்ணி பென்செட்ரின் என்னும் ஆம்பெட்டமைன் வகை மருந்தைக் கொடுத்தார். தலைவலி பெரிதாகத் தீரவில்லை; ஆனால் பிள்ளைகள் பாடத்தில் அமர்ந்தார்கள். 30 சிறாரில் ஏறக்குறையப் பாதிப்பேரிடம் வியத்தகு மாற்றத்தைக் கண்டு 1937-ல் அதை வெளியிட்டார். 1944-ல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தில் லியாண்ட்ரோ பனிசோன் என்ற வேதியியலார் மெத்தில்ஃபெனிடேட் என்ற மருந்தை உருவாக்கினார். அவர் மனைவியின் செல்லப் பெயர் ரீட்டா. அதிலிருந்து பிறந்ததே ரிட்டாலின் என்ற வணிகப் பெயர். இன்று நம் நாட்டில் ஏ.டி.எச்.டி.க்குக் கொடுக்கப்படும் ஊக்க மருந்து பெரும்பாலும் இந்த மெத்தில்ஃபெனிடேட்தான். அமெரிக்காவில் பரவலாக எழுதித் தரப்படும் அடரால் இங்கே விற்பனையில் இல்லை.

ஏற்கெனவே துள்ளித் திரியும் பிள்ளைக்கு ஊக்க மருந்தா என்று நம் வீட்டிலும் கேள்வி எழுந்தது. ஓதும் பள்ளி ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பிள்ளைகள் கூச்சலிடுகிறார்கள், காரணம், உஸ்தாத் அரைத் தூக்கத்தில் இருக்கிறார். இங்கே எழுப்பப்பட வேண்டியவர் உஸ்தாத். அவர் விழித்துக்கொண்டால் வகுப்பு தானே அடங்கும். மூளையின் முன்பகுதி அந்த உஸ்தாதைப் போன்றது. எதைக் கவனிப்பது, எதை விடுவது, எப்போது பொறுப்பது என்று ஆணையிடுவது அதுவே. டோபமைன், நார்அட்ரினலின் என்னும் இரு வேதிப் பொருள்கள் நரம்பு முனைகளில் சற்றுக் கூடுதல் நேரம் தங்கும்படி இம்மருந்து செய்கிறது. அதனால் அந்த ஆணையிடும் பகுதி விழிப்படைகிறது. மருந்து பிள்ளைக்கு அறிவைப் புகட்டுவதில்லை. இருக்கும் அறிவு பயன்பட வழிவிடுகிறது.

இனி, பாதுகாப்புக்கு வருவோம். முதற் பாதுகாப்பு மாத்திரைக்கு முன்பே தொடங்குகிறது; அது சரியான நோயறிதல். இக்கோளாறைக் காட்டும் இரத்தப் பரிசோதனையோ, ஸ்கேனோ இல்லை. அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். ஆறு மாதமேனும் நீடித்திருக்க வேண்டும். வீடு, பள்ளி என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் காணப்பட வேண்டும். ஆதலால் பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் விரிவாகக் கேட்காமல், ஐந்து நிமிடத்தில் எழுதித் தரப்படும் சீட்டை நம்ப வேண்டாம். காது கேளாமை, கண் பார்வைக் குறை, தூக்கமின்மை, தைராய்டு, இரத்தசோகை, எழுத்துக் கற்றலில் இடர் ஆகியவையும் கவனமின்மையாக வேடமிடும். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மருந்தை முந்திக்கொண்டு தருவது வழக்கமன்று. பெற்றோருக்கான நடத்தைப் பயிற்சியே முதலில் நிற்கும்.

மருந்து தொடங்குமுன் மருத்துவர் கேட்கும் கேள்விகளுக்கு ஒளிவு மறைவின்றி விடை சொல்ல வேண்டும். குடும்பத்தில் இளவயதில் திடீரென மாரடைத்து இறந்தவர் உண்டா? பிள்ளைக்கு இதய நோய், மயக்கம், வலிப்பு உண்டா? கண் நீர் அழுத்தம் உண்டா? வீட்டில் எவருக்கேனும் மனநோய் இருந்ததா? சம்பந்தம் பேசும் இடத்தில் தெரிந்துவிடுமே என்று இவற்றை மறைப்பவர் உண்டு. சம்பந்தக்காரர் காதுக்கு எட்டாத செய்தி மருத்துவர் காதுக்கும் எட்டாமல் போனால், இழப்பு பிள்ளைக்கே.

இரண்டாம் பாதுகாப்பைச் சட்டம் தருகிறது. 1971-ல் ஐக்கிய நாடுகள் சபையின் ஏற்பாட்டில் உருவான மனமயக்கப் பொருள்கள் உடன்படிக்கையில் மெத்தில்ஃபெனிடேட் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. நம் நாட்டில் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் பட்டியலிலும், 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின் எக்ஸ் பட்டியலிலும் அது உள்ளது. எக்ஸ் பட்டியல் மருந்தை விற்கத் தனி உரிமம் வேண்டும். மருத்துவர் சீட்டை இரு பிரதிகளாகத் தர வேண்டும். ஒன்றைக் கடைக்காரர் இரண்டு ஆண்டுகள் பாதுகாத்து வைக்க வேண்டும். உறையின் மேல் இடப்பக்க மூலையில் 'எக்ஸ்ஆர்எக்ஸ்' என்ற குறி சிவப்பில் இருக்கும். ஆகவே எல்லாக் கடைகளிலும் இம்மருந்து கிடைப்பதில்லை. கையிருப்பு தீரும் நாளில் ஓடாமல் ஒரு வாரம் முன்பே ஏற்பாடு செய்துகொள்வது நலம். சீட்டில்லாமல் தருகிறேன் என்று சொல்லும் கடையையும், முகமறியாத விற்பனையாளர் கூரியரில் அனுப்பும் பொட்டலத்தையும் விட்டு விலகுவதே அறிவுடைமை.

மூன்றாம் பாதுகாப்பு தொடர்ந்து கண்காணித்தல். இதன் அருமையை விளக்க ஓர் ஆய்வைச் சொல்கிறோம். அமெரிக்காவில் 579 சிறாரை வைத்து 14 மாதங்கள் நடத்தப்பெற்று 1999-ல் வெளியான ஆய்வு அது. ஒரு பிரிவினருக்கு அளவைச் சிறிது சிறிதாகத் திருத்தி, மாதந்தோறும் பார்த்து மருந்து தரப்பட்டது. இன்னொரு பிரிவினர் ஊரில் கிடைத்த வழக்கமான சிகிச்சைக்கு விடப்பட்டனர். அவர்களிலும் மூன்றில் இரு பங்கினர் மருந்துதான் உண்டார்கள். ஆயினும் கவனமாகப் பார்க்கப்பட்ட பிள்ளைகளே மேலான பயனடைந்தார்கள். மாத்திரை மட்டும் வேலை செய்வதில்லை, மாத்திரையைச் சுற்றியுள்ள அக்கறையும் வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

அந்த அக்கறை வீட்டில் எப்படி நடைபெறும்? நம் மகள் ஒரு சிறு குறிப்பேடு வைத்திருந்தாள். மாத்திரை கொடுத்த நேரம், உண்ட உணவு, உறங்கிய நேரம், ஆசிரியர் சொன்னது ஆகியவை அதில் ஏறும். இம்மருந்து பசியைக் குறைக்கும். ஆதலால் மாத்திரைக்கு முன்பே காலைச் சாப்பாட்டை வயிறு நிறையக் கொடுத்து, மருந்தின் வேகம் தணிந்த மாலையில் மீண்டும் நன்றாக உண்ணச் செய்தாள். பிற்பகலுக்குப் பின் கொடுத்தால் தூக்கம் கெடும். ஒரு வேளை மறந்துபோனால் அடுத்த வேளை இரண்டாகக் கொடுக்கக் கூடாது. சாதாரண மாத்திரை மூன்று நான்கு மணி நேரமும், மெல்லக் கரையும் வகை எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் வரையும் வேலை செய்யும். மெல்லக் கரையும் மாத்திரையைப் பொடிக்கவோ மெல்லவோ கூடாது. நாள் முழுவதற்குமான மருந்து ஒரே நேரத்தில் இரத்தத்தில் இறங்கிவிடும். உயரம், எடை, நாடித் துடிப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றை ஆறு மாதத்துக்கு ஒரு முறையேனும் அளந்து எழுத வேண்டும். சில பிள்ளைகளின் வளர்ச்சி சற்றே மந்தப்படுவதுண்டு, அளந்தால்தானே தெரியும்?

மற்ற மருந்துகளோடு கலப்பதிலும் எச்சரிக்கை தேவை. மனச்சோர்வுக்கான மருந்துகளில் மோனோஅமைன் ஆக்ஸிடேஸ் தடுப்பான் என்றொரு வகை உண்டு. அதை நிறுத்தி 14 நாட்கள் கழியாமல் இதைத் தொடக் கூடாது. மூக்கடைப்புக்கு நாமே வாங்கும் சளி மாத்திரைகளில் சில இரத்த அழுத்தத்தை ஏற்றுபவை. யூனானி, நாட்டு மருந்து எதுவாயினும் மருத்துவரிடம் சொல்லிவிடுவது நல்லது. நம் வீடுகளில் நாளுக்கு ஐந்து முறை தேநீர் ஓடும்; இம்மருந்து உண்பவர்க்கு அது படபடப்பைக் கூட்டும் என்பதையும் நினைவிற் கொள்க.

தலைவலி, வயிற்றுவலி, எரிச்சல் போன்றவை தொடக்கத்தில் வந்து பெரும்பாலும் தணிந்துவிடும்; அடுத்த சந்திப்பில் சொல்லலாம். ஆனால் நெஞ்சுவலி, ஓடும்போது மயங்கி விழுதல், மூச்சுத்திணறல், இல்லாத குரல் கேட்பது, உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு ஆகியவை காத்திருக்கக் கூடாதவை. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். 108-ஐ அழைக்கத் தயங்க வேண்டாம். ஆண் பிள்ளைகளுக்கு மிக அரிதாக வலியோடு நெடுநேரம் விறைப்பு நீடிப்பதுண்டு. வெட்கத்தால் அதை மறைத்தால் நிலையான கேடு விளையும். அத்தாவிடமோ மாமாவிடமோ சொல்லலாம் என்று முன்கூட்டியே சொல்லி வைப்பது கடமை.

நம் சமூகத்துக்கே உரிய கேள்வி ஒன்று ரமலான் மாதத்தில் எழுகிறது. பருவமெய்தாத பிள்ளைக்கு நோன்பு கடமையில்லை. எனினும் ஆசையால் நோற்கும் பிள்ளைகள் உண்டு. பருவமெய்தியவருக்கோ கடமையாகிறது. சஹர் நேரத்தில் மெல்லக் கரையும் மாத்திரையை உண்டு நோன்பு நோற்பவர் இருக்கிறார்கள். ஆனால் சஹருக்காக உறக்கம் குறைவதும், பசி மந்திப்பதால் இஃப்தாரில் போதிய உணவு செல்லாததும், நாவறட்சியும் சேர்ந்துகொள்ளும். பகலில் விட்டதை ஈடுசெய்ய இரவில் மாத்திரை போட்டால் தூக்கமே போய்விடும். ஆகவே ரமலானுக்கு மூன்று நான்கு வாரங்களுக்கு முன்பே இரண்டு இடங்களில் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். உடல் தாங்குமா, மருந்தின் நேரத்தை எப்படி மாற்றுவது என்பதை மருத்துவரிடம் கேட்க வேண்டும். தாங்காதென்றால் மார்க்கம் தரும் சலுகை என்ன என்பதை ஆலிமிடம் கேட்க வேண்டும். நோயாளிக்கு வேறு நாட்களில் நோற்கும் சலுகையைத் திருமறையே வழங்கியிருக்கிறது. மனத்தின் நோயும் நோய்தான். காய்ச்சலுக்கு ஒரு நியாயம், இதற்கொரு நியாயம் என்பதில்லை.

பயணத்திலும் இப்படித்தான். நம்மவர் துபாய்க்கும் ரியாத்துக்கும் சிங்கப்பூருக்கும் போய்வருவது அன்றாடம். சீட்டும், மருத்துவர் கடிதமும், மருந்தின் அசல் உறையும் இல்லாமல் இம்மருந்தை எடுத்துச் செல்வது ஆபத்து. ஐக்கிய அரபு நாடுகளும் சவூதியும் சிங்கப்பூரும் கட்டுப்பாட்டு மருந்துகளுக்கு முன் அனுமதி கேட்கும் நாடுகள். புறப்படுமுன் அந்நாட்டு விதியைப் பார்த்து அனுமதி வாங்கிவிட வேண்டும். பிறர் தரும் மருந்துப் பொட்டலத்தைப் பையில் வைத்துக்கொள்ளும் உதவியை மட்டும் எவருக்கும் செய்ய வேண்டாம்.

இப்போது நம் பேரனிடம் மீண்டும் வருவோம். அவன் கல்லூரியில் சேர்ந்தபின், ஒரு தேர்வுக் காலத்தில், இரவுச் சாப்பாட்டின்போது சொன்னான்: "நன்னா, விடுதியில் இருக்கும் சிநேகிதன் ஒருவன் என் மாத்திரையில் ஓர் அட்டை கேட்டான். பணம் தருவதாகவும் சொன்னான்."

"நீ என்ன சொன்னாய்?"

"வீட்டில் எண்ணி வைத்திருக்கிறார்கள், ஒன்று குறைந்தாலும் நன்னா கேட்பார்கள் என்று சொல்லிவிட்டேன்."

இந்த விடை நம்மை வெகுநேரம் சிந்திக்க வைத்தது. மாத்திரையை எண்ணுவதும் பூட்டுவதும் பிள்ளையைச் சந்தேகிப்பதாகும் என்று பல பெற்றோர் கூசுகிறார்கள். பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு, நெருங்கிய நண்பனிடம் 'தர மாட்டேன்' என்று சொல்வதுதான் உலகிலேயே கடினமான காரியம். தன் மனத்தால் மறுத்தால் கருமி என்ற பெயர் வரும், நட்பு முறியும். 'வீட்டில் கேட்பார்கள்' என்ற ஒரு வாக்கியம் அவனுக்குக் கேடயமாயிற்று. அந்தக் கேடயத்தைச் செய்து கொடுத்தது குறிப்பேடும் பூட்டும்தான். எண்ணிக்கை பிள்ளைக்கு எதிரானதன்று. அவன் பக்கம் நிற்பது.

கேட்ட பையனும் தீயவன் அல்லன். இரண்டு பாடம் தோற்றவன். ஊரில் நிலத்தை ஈடுவைத்துப் படிக்க வைக்கும் தந்தையை நினைத்து நடுங்கியவன். அவனை ஒரு நாள் வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போட்டு நாம் பேசினோம். மருந்து அவனுக்குப் பயன்படாது என்பதை ஆய்வைக் கொண்டே சொன்னோம். ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தார் ஏ.டி.எச்.டி. இல்லாத 40 பேருக்கு இத்தகைய மருந்துகளைக் கொடுத்துக் கடினமான கணக்குகளைச் செய்யச் சொல்லி, 2023-ல் முடிவை வெளியிட்டார்கள். மருந்துண்டவர்கள் கூடுதல் நேரம் முயன்றார்கள்; ஆனால் முயற்சியின் தரம் குறைந்தது. உழைப்பதாக உணர்வார்கள், விளைவு உயராது. விழித்திருப்பது வேறு, கற்பது வேறு. இரவு முழுதும் உறங்காத மூளை படித்ததைச் சேமித்து வைப்பதில்லை.

அத்துடன், சீட்டில்லாமல் கைமாறும் மாத்திரைக்குள் என்ன இருக்கிறதென்று எவர் அறிவார்? அமெரிக்காவில் அடரால் என்ற பெயரில் விற்கப்பட்ட போலி மாத்திரைகளில் மெத்தாம்பெட்டமைன் இருந்ததாக அந்நாட்டுப் போதைத் தடுப்புத் துறையே எச்சரித்தது. உண்மையான மாத்திரையாயினும், இதயக் கோளாறு இருப்பதை அறியாத ஓர் இளைஞனுக்கு அது பெருந்தீங்கு இழைக்கலாம். இம்மருந்துகளை முறைதவறி உண்பதாலும் பிறரோடு பகிர்வதாலும் அடிமைத்தனமும் மரணமும் நேரலாம் என்ற எச்சரிக்கையை 2023-ல் அமெரிக்க மருந்துத் துறை எல்லா ஊக்க மருந்து உறைகளிலும் வலுப்படுத்தச் செய்தது. கொடுத்தவன் நட்பால் கொடுத்தாலும் நம் நாட்டுச் சட்டத்தின்முன் அது குற்றமே. அந்த மாணவன் பின்னர் தன் கல்லூரி ஆலோசகரைச் சந்தித்தான். அவனுக்கு வேண்டியிருந்தவை தூக்கமும், ஒழுங்கான பாடத் திட்டமும், தந்தையிடம் உண்மை சொல்லும் துணிவுமே.

இவ்வளவும் சொன்னதைக் கேட்டு அஞ்சி, மருந்தே வேண்டாம் என்று எவரேனும் முடிவு செய்தால் அது மறுகோடிக்குப் போவதாகும். மருத்துவர் அறிவுரைப்படி உண்ணும் பிள்ளை இதற்கு அடிமையாகிவிடுவான் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை. அக்கம்பக்கத்தார் பேச்சைக் கேட்டுத் தாமாகவே நிறுத்தும் பெற்றோர் உண்டு; மார்க் குறைந்தால் தாமாகவே கூட்டுபவரும் உண்டு. இரண்டும் தவறு. ஊக்க மருந்து ஒத்துக்கொள்ளாதவர்க்கு அடோமாக்ஸிடின் போன்ற வேறுவகை மருந்துகள் உள்ளன. அவை பயன்தரச் சில வாரங்கள் ஆகும். எந்த மருந்தாயினும், முன் வரிசையில் இடம், சிறு சிறு பகுதிகளாகப் பாடம், எழுதி ஒட்டிய நேர அட்டவணை, அடியில்லாத கண்டிப்பு ஆகியவற்றுக்கு அது மாற்றாகாது. ஓதும் பள்ளி உஸ்தாதிடம் நாம் சென்று பேசியபோது, அவர் பேரனை அரைப் பக்கம் ஓதவிட்டு, எழுந்து தண்ணீர் குடித்து வரச் சொன்னார். அந்த ஆண்டே அவன் அம்ம ஜுஸ்வை முடித்தான்.

பெண் பிள்ளைகளை மறந்துவிடக் கூடாது. துள்ளாமல், எவரையும் தொந்தரவு செய்யாமல், கனவு கண்டபடி உட்கார்ந்திருக்கும் பெண்ணை 'சாது' என்கிறோம். மார்க் குறைந்தால் 'மந்தம்' என்கிறோம். அவளுக்கும் இக்கோளாறு இருக்கலாம். ஆரவாரமில்லாததால் எவர் கண்ணிலும் படுவதில்லை.

எங்கே செல்வது என்று கேட்பவர்க்குச் சில வழிகள் சொல்வோம். 2013-ல் தொடங்கப்பெற்ற ராஷ்ட்ரீய பால் ஸ்வஸ்த்ய காரியக்ரம் என்னும் பள்ளிச் சிறார் நலத் திட்டம் இலவசமாகக் கவனிக்கும் 30 நிலைகளில் ஏ.டி.எச்.டி.யும் ஒன்று. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளையும், எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையையும் அணுகலாம். நம் ஊர்ப் பக்கம் பொத்தேரியில் எஸ்.ஆர்.எம். மருத்துவக் கல்லூரி 2005 முதல் இயங்குகிறது. 2022-ல் தொடங்கிய டெலி மனஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இலவசமாக அழைத்து ஆலோசனை பெறலாம்.

எஞ்சிய மாத்திரைகளை என்ன செய்வது என்பதும் ஒரு கேள்வி. மருத்துவர் மருந்தை மாற்றினால் பழையது வீட்டில் தங்கக் கூடாது. அட்டையிலிருந்து பிரித்து, பயன்படுத்திய தேயிலைச் சக்கையோடு கலந்து, பையில் இறுகக் கட்டிக் குப்பையில் சேர்ப்பது நலம். சீட்டில் உள்ள பெயரைக் கிழித்துவிடவும் மறக்க வேண்டாம்.

அமானிதம் என்றால் நமக்குப் பிறர் பொருள் நினைவுக்கு வருகிறது. ஒருவர் பெயருக்கு எழுதப்பட்ட மருந்தும் அவ்வகைப் பொருளே. அது உரியவருக்கு உரிய அளவில் உரிய நேரத்தில் சேர வேண்டும். உரியவரல்லாதார் கைக்குப் போகக் கூடாது. உரியவருக்கு மறுக்கப்படவும் கூடாது. இந்த மூன்றில் எது தவறினாலும் அமானிதம் பாழாகும்.

இவ்வாண்டு பேரன் வெளியூரில் பயிற்சிக்குச் செல்லவிருக்கிறான். மருத்துவரிடம் கலந்து, இனி மாத்திரையை அவனே வைத்துக்கொள்ள முடிவாகியிருக்கிறது. சிறு பூட்டுப் பெட்டி ஒன்றும், பக்கங்கள் வெறுமையாக உள்ள புதுக் குறிப்பேடு ஒன்றும் அவன் தாய் வாங்கி வைத்திருக்கிறாள். பழைய குறிப்பேடுகள் நம் பீரோவில் இருக்கட்டும் என்றிருக்கிறோம். என்றேனும் அவன் பிள்ளைக்குத் தேவைப்பட்டால், எடுத்துப் படிக்க உதவும்.